கொத்தோராவுக்குக் கண் தெரியாமல் போன ஞாயிறு

என் கணவர் டிவியில் வாயைத் திறந்தால் மறுநாள் எனக்குத் தக்காளி விலை ஏறும். இது பழமொழி இல்லை, அனுபவம். சான் பெத்ரோ சந்தையில் காய்கறி விற்கும் எலிஹியோவின் தம்பி எங்கள் ஊர் அணியில் பேஸ்பால் ஆடுகிறவன். "இந்தப் பையன் பந்தைப் பிடிக்கிறானா, இல்லை ஆசீர்வாதம் பண்ணி அனுப்பி வைக்கிறானா?" என்று ஒருநாள் இவர் வர்ணனையில் கேட்டுவிட்டார். நாடே சிரித்தது. எலிஹியோ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் தராசில் என் தக்காளிக்கு மட்டும் கனம் அதிகம்.

தக்காளியோடு போனால் பரவாயில்லை. மாதா கோவிலில் பூசைக்கு நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், பக்கத்து பெஞ்சுக்காரி என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைக் கைப்பைக்குள் விட்டுக்கொண்டாள். அவள் மகன் நடுவர். முந்தைய நாள்தான் இவர் அவனுக்குக் கண் தெரியாதவர்களின் வழிகாட்டி நாய் ஒன்றைச் சிபாரிசு செய்திருந்தார். கடவுள் முன்னிலையிலேயே எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை என்றால் வேறு எங்கே கிடைக்கும்?

இவர் பெயர் ஃபிதென்சியோ பெரோவா. அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரனுக்கே தெரியாது. கொத்தோரா என்று சொல்ல வேண்டும். ஓயாமல் கத்தும் பச்சைக்கிளிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தது பிள்ளை. அவஸ்தைப்பட்டது அதைக் கட்டிக்கொண்டவள்.

ஆடிய காலத்தில் இவர் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவர். வீச்சாளன் எறிய வேண்டியது வேகப்பந்தா மெதுவான பந்தா என்று கேட்சர்தான் முடிவு செய்து, தொடைகளுக்கு நடுவே விரலை நீட்டிச் சைகை காட்டுவார். அதை எதிர் அணி பார்த்துவிடக் கூடாது. வரப்போவது என்ன என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மட்டைக்காரனுக்குக் கல்யாணச் சாப்பாடுதான். அதனால் விரல்களை ஒளித்து வைப்பதில் கேட்சர்களுக்கு ஒரு மானம் உண்டு. இவர் விரல்களை எவனும் திருடியதில்லை என்று இன்றைக்கும் பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அந்த விஷயத்தில் மட்டும் இவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

விரல்தான் ஒளிந்திருந்ததே தவிர வாய் ஒளிந்திருக்கவில்லை. பின்னால் குந்தியபடியே மட்டைக்காரனிடம் பேச்சுக் கொடுப்பார். "என்ன தம்பி, உங்க வீட்டுக் கூரை ஒழுகுதாமே? மாமியா வந்து இன்னும் போகலையாமே?" என்பார். எவனாவது திரும்பி, "யார் சொன்னது?" என்று கேட்டால் தொலைந்தான். பந்து அவனைக் கடந்து இவர் கையுறைக்குள் வந்திருக்கும். இந்தத் திறமையை நம்பித்தான் வடக்கே அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு கோடைகூட முடியவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நடுவருடைய மனைவியைப் பற்றி நலம் விசாரித்தாராம். அது நலம் விசாரித்த மாதிரி இல்லையாம்.

திரும்பி வந்தவர் இங்கே இன்னும் பிரபலமானார். எதிர் அணி ரசிகர்கள் இவரைக் கேலி செய்ய ஒரு ஆட்டைப் பிடித்து, அதன் கழுத்தில் இவர் பெயரை எழுதி மாட்டி, மைதானத்துக்குள் விரட்டி விட்டார்கள். இவர் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரசிகர்களைப் பார்த்துத் தலை வணங்கிவிட்டு, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் நான் இல்லை. அந்த ஆட்டைக் குளிப்பாட்டியது நான். என் கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த திரைச்சீலையை அது தின்றபோது பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

முட்டி தேய்ந்து ஆட்டம் முடிந்ததும், இனியாவது வீட்டில் அமைதி இருக்கும் என்று நம்பினேன். உள்ளூர் சானல்காரர்கள் வந்து மைக்கைக் கொடுத்தார்கள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார்கள் என்றே சொல்லலாம். மாம்பழ நிறத்தில் ஒரு கோட்டு தைத்துக்கொண்டார். நடந்ததைச் சொல்ல உலிசெஸ் என்று ஒரு நல்ல மனிதர் இருந்தார். அது ஏன் நடந்தது, அதற்கு யார் வெட்கப்பட வேண்டும் என்று சொல்வது இவர் வேலை. ஒரு பயிற்சியாளரை இவர் கிழித்த கிழியில், அந்த ஆளுடைய தாயார் ஒரு குண்டான் பீன்ஸ் குழம்போடு சானல் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். "எம்மவன நான் என்ன போட்டு வளர்த்தேன்னு தின்னு பாத்துட்டு பேசு" என்றார். இவர் சாப்பிட்டார். அடுத்த ஆட்டத்தில், "சமையல் பிரமாதம், தப்பெல்லாம் பையன் மேலதான்" என்றார். சானல் இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்தது. அந்த இரண்டு வாரமும் எனக்குத் தண்டனை.

கேட்டால் ஒரே பதில் வைத்திருந்தார். "வர்ணனைக் கூண்டுக்குள்ள போயிட்டா எனக்குக் குடும்பம் கெடையாது, சிநேகிதன் கெடையாது. கண்ணுல பட்டதச் சொல்வேன்." ஊரும் அதை ரசித்தது. ஊரான் பிள்ளையைத் திட்டும்வரை அது நேர்மைதானே.

எங்கள் ஒரே மகள் நூரிஸ் ஒரு வீச்சாளனைக் கட்டிக்கொண்டபோதே, இவர் வாய் இனி எங்கள் வீட்டுக்குள்ளும் பாயும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை எஸ்மெர்லின் நல்லவன். நெடுநெடுவென்று இருப்பான், அதிர்ந்து பேச மாட்டான். எங்கள் வீட்டில் அதற்கு வாய்ப்பும் கிடையாது. தோளில் அறுவை செய்து இரண்டு சீசன் வீட்டில் கிடந்தான். மோட்டார் சைக்கிளில் கூலிக்கு ஆள் ஏற்றிக் குடும்பத்தை ஓட்டினான். அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் ஊர் அணி அவனை மறுபடியும் எடுத்தது. வயது முப்பத்து மூன்று. இந்த விளையாட்டில் அது வயோதிகம். நூரிஸ் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். "இந்த வருஷம் வெளிநாட்டுலேர்ந்து யாரும் கூப்பிடலேன்னா கையுறைய வித்துட்டு துணி ஃபேக்டரிக்குப் போயிருவேன் அத்தை" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அப்போதுதான் ஜப்பானிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே ஒரு அணிக்கு வீச்சாளர்களைத் தேடி வந்தவர். எஸ்மெர்லினையும் இன்னொருவனையும் குறித்து வைத்திருந்தார், ஒருவனைத்தான் எடுப்பார். கடற்கரையில் வாங்கிய ஓலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வேகம் அளக்கும் கருவியோடு மைதானத்தில் உட்கார்ந்திருப்பார். மற்றவன் சனிக்கிழமை வீசிவிட்டான், சுமார்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை தலைநகர் அணிக்கு எதிராக எஸ்மெர்லின் வீச வேண்டும். திங்கட்கிழமை ஜப்பான்காரருக்கு விமானம். எல்லாம் அந்த ஒரே ஆட்டத்தில் இருந்தது.

அன்று காலை காபி குடிக்கும்போது இவரிடம் சொன்னேன். "இன்னைக்கு ஒரு நாள் வாய அடக்கி வாசி."

"மாப்பிள்ளைன்னு அடக்கி வாசிச்சா ஊரு காறித் துப்பும், தோமசா. எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கானுங்க. கொத்தோரா சொந்தக்காரன எப்படித் திட்டுறான்னு பாக்கலாம்னு."

"திட்டு. அவன் பொறுத்துக்குவான். குழி மட்டும் வெட்டாத."

"நான் ஏன் குழி வெட்டுறேன்?" என்று சிரித்துக்கொண்டே மாம்பழக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று இரவு ஒரு ஞானஸ்நான விருந்து இருந்ததால், ஆட்ட நேரத்தில் தலைமுடியைச் சரிசெய்ய கெனியாவின் அழகுநிலையத்துக்குப் போனேன். மைதானத்தின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் கடை. கெனியாவுக்கு என்மேல் பாசம் உண்டு. ஆனால் பேஸ்பால் ஆடும் அவள் அண்ணன் மகனை இவர் "வயிறு முதலில் வருகிறது, ஆள் பின்னால் வருகிறான்" என்று சொன்ன நாளிலிருந்து, என் தலையில் மாட்டும் சுருளைக் கொஞ்சம் இறுக்கியே மாட்டுவாள். தலை முழுக்கச் சுருள்களோடு சூட்டுக் காற்று வீசும் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே டிவி. சுற்றிலும் பெண்கள்.

முதல் இரண்டு இன்னிங்ஸ் எஸ்மெர்லின் அழகாக வீசினான். ஒருவனையும் ஓட விடவில்லை. நானும் கெனியா கொடுத்த காபியை நிம்மதியாகக் குடித்தேன். மூன்றாவதில்தான் இந்த மனுஷன் ஆரம்பித்தார்.

"உலிசெஸ், இப்ப வரப்போறது மெதுவான பந்து" என்றார். வந்தது மெதுவான பந்து.

"அடுத்தது வேகம்." வேகம்தான்.

"மறுபடி வேகம்." வேகம். "இப்ப மெதுவா." மெதுவாக வந்தது.

உலிசெஸ் கூச்சல் போட்டார். "கொத்தோரா, இது மந்திரமா?"

"மந்திரம் என்னய்யா மந்திரம். ஒரு சின்ன விஷயம் கண்ணுல பட்டுது. என்னன்னு சொல்ல மாட்டேன். கேட்சர் கண்ணு!"

பாம்பின் கால் பாம்பறியும். எறிவதற்கு முன் எஸ்மெர்லின் ஏதோ ஒன்றைத் தன்னை அறியாமல் செய்கிறான், இவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. கடையில் பெண்கள் கைதட்டினார்கள். "அக்கா, ஒன் புருஷன் மனுஷனே இல்ல, எக்ஸ்ரே மிஷினு" என்றாள் நகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஒருத்தி. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இவர் சொல்ல, கடையே சேர்ந்து கத்தியது. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெருமை நாலாவது இன்னிங்ஸில் கரைந்தது. தலைநகர் அணிக்காரர்கள் திடீரென்று அடிக்கத் தொடங்கினார்கள். மெதுவான பந்து வரும்போது அவசரப்படவே இல்லை. பேருந்துக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்று, வந்ததும் ஏறினார்கள். ஒரு ஓட்டம், இன்னொரு ஓட்டம். அடுத்த ஓட்டத்துக்குக் காத்துக்கொண்டு தளங்களில் இன்னும் இரண்டு பேர். கேமரா நூரிஸைக் காட்டியது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைநகர் அணியின் பெஞ்சைக் காட்டியது. அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தடித்த உதவிப் பயிற்சியாளர் கன்னத்தில் கைவைத்துக் குனிந்திருந்தார்.

"அந்தத் தடியனுக்குப் பல்வலியா?" என்று கேட்டாள் கெனியா. "ரொம்ப நேரமா கன்னத்தப் பிடிச்சிக்கிட்டு இருக்கான். வலி வரும்போதெல்லாம் விசில் வேற அடிக்கிறான்."

நான் காற்றுக் கூண்டிலிருந்து தலையை வெளியே எடுத்தேன். டிவியில் இவர், "இப்ப மெதுவா" என்றார். தடியன் விசில் அடித்தான். மட்டைக்காரன் பொறுத்து நின்று அடித்தான். அடுத்த முறை "வேகம்" என்றார். விசில் இல்லை. அந்தத் தடியனுடைய விரலிடுக்கில் கறுப்பாக ஒரு வயர் தெரிந்தது.

எங்கள் சானலின் வர்ணனையே ரேடியோவிலும் போகும். இந்த மனுஷன் நாட்டுக்குச் சொல்லவில்லை, எதிரியின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் தலை முழுக்கச் சுருள்.

கைபேசியில் கூப்பிட்டேன். வர்ணனை நேரத்தில் அதை அணைத்து வைப்பது இவருடைய ஒரே ஒழுக்கம். சுருள்களோடும் தோளில் போட்ட துண்டோடும் தெருவைக் கடந்து ஓடினேன். பின்னால் கெனியா, "அக்கா, முடி ஈரமா இருக்கு!" என்று கத்தினாள். வாசலில் காவலாளி டிக்கெட் கேட்டான்.

"இந்தத் தலையோட மேட்ச் பாக்க வந்தவ மாதிரியா தெரியுது?"

அவன் என் தலையைப் பார்த்தான், வழி விட்டான்.

படியேறிப் போனபோது நாலாவது இன்னிங்ஸில் தலைநகர் அணியின் முறை முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. உலிசெஸ் கழிப்பறைக்குப் போயிருந்தார். இவர் மட்டும் கோட்டுக்குள் காற்று விட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியாடி? நாடே பேசுது!"

"நாடு கெடக்கட்டும். கீழ பாருய்யா. அந்த மூலையில ஒருத்தன் காதுல ரேடியோ வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். நீ மெதுவான்னு சொன்னா அவன் விசில் அடிக்கிறான். விசில் கேட்டா அவனுங்க நின்னு அடிக்கிறானுங்க."

எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் வாய் விட்டுக் கொடுக்கவில்லை. "அது அவங்க கெட்டிக்காரத்தனம். நான் கண்ணுல பட்டதச் சொன்னேன். கூண்டுக்குள்ள எனக்கு…"

"குடும்பம் கெடையாது. தெரியும். அவன மாப்பிள்ளைன்னு பாக்க வேணாம். எம்மவளையும் நெனைக்க வேணாம். நீ கேட்சர்தான? அவன் வீச்சாளன்தான? அத்தன வருஷம் தொடைக்கு நடுவுல கைய ஒளிச்சு வச்சிக்கிட்டு குந்தியிருந்தியே, எதுக்குய்யா? முட்டி ரெண்டும் போச்சே, எதுக்குப் போச்சு? ஒருத்தனயாவது காட்டிக் குடுத்திருக்கியா? இப்ப மைக்கு வச்சிக் காட்டிக் குடுக்கிறியே. வேலியே பயிர மேயுதே!"

அவர் குனிந்து தன் முட்டிகளைத் தடவிக்கொண்டார். உலிசெஸ் பேன்ட்டில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார். போகச் சொல்லி யாரும் சொல்லாததால் சுவரோரம் நின்றேன்.

எங்கள் அணி ஆடிவிட்டுத் திரும்பியது. எஸ்மெர்லின் பந்து வீசும் மேட்டில் ஏறினான். தோள் தொங்கியிருந்தது. ஓலைத் தொப்பிக்காரர் கருவியை மடியில் போட்டுவிட்டுக் கடலை தின்றுகொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கொத்தோரா, நாடு காத்திருக்கு" என்றார் உலிசெஸ். "அடுத்தது என்ன?"

இவர் குனிந்து எஸ்மெர்லினின் கையுறையையே பார்த்தார். "வேகம்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டேன். சத்தியமாக அந்த மொட்டைத் தலையில் போட்டிருப்பேன். அதற்குள் பந்து கையை விட்டுப் போயிருந்தது. வந்தது மெதுவான பந்து. மட்டைக்காரன் அது வருவதற்கு முன்பே சுற்றி, தன் காலே தடுக்கி விழுந்தான்.

"தப்பாப் போச்சே!" என்று சிரித்தார் உலிசெஸ்.

"ஒண்ணு தப்பலாம்யா. இப்ப மெதுவா, எழுதி வச்சிக்க."

கீழே விசில் கேட்டது. வந்தது வேகம். மட்டைக்காரன் பொறுமையாக நின்றபடியே பந்தைப் போக விட்டான். மூன்றாவதையும் தப்பாகத்தான் சொன்னார். அப்போதுதான் நான் அவர் கையைக் கவனித்தேன். வலது காதைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் பொய் சொல்லும்போதெல்லாம் வலது காதைத் தடவுவார். அந்த ஆடு தானாகத்தான் பின்னால் வந்தது என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முழுக்கத் தப்பாகவே சொன்னாலும் தடியன் சுதாரித்துத் திருப்பிப் போட்டுக்கொள்வான். அதனால் சாப்பாட்டில் உப்புப் போடுவது மாதிரி இடையிடையே ஒன்றைச் சரியாகவும் சொன்னார். அதை நம்பித் தடியன் மறுபடியும் விசில் அடித்தான். பழைய ருசி லேசில் விடுமா? அவனுடைய ஆட்டக்காரர்கள் அவனை முறைத்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவன் பெஞ்சுக்குப் போய் அந்த ரேடியோவைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். அதற்குள் அவர்கள் குழம்பிப் போயிருந்தார்கள். எஸ்மெர்லினுக்குத் தோள் நிமிர்ந்துவிட்டது. ஏழு இன்னிங்ஸ் வீசினான். அந்த இரண்டு ஓட்டத்துக்குமேல் ஒன்றும் கொடுக்கவில்லை. நாங்கள் ஒரு ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

ரேடியோ போன பிறகும் இவர் நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் ஏன் சொன்னார் என்று யாராவது யோசிப்பார்கள். கடைசிவரை தப்பாகச் சொன்னார், கடைசிவரை வாங்கிக் கட்டிக்கொண்டார். உலிசெஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பார்வையாளர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "கொத்தோராவுக்குக் கண்ணு போச்சா?" என்று கேட்டார்கள். முதலில் சரியாகச் சொன்னதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டினார்கள். கீழே மேளக்காரர்கள் அதையே பாட்டாகப் போட்டுக் கொட்டினார்கள். இவர் மாம்பழக் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு, "அடுத்தது பாரு, அடுத்தது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னார். "வெளிய மூச்சு விடாத. தெரிஞ்சா அவன் எறிஞ்சதெல்லாம் பொய்யாயிரும். மாமனார் ஜெயிக்க வச்சான்னு சொல்வானுங்க. ஜப்பான்காரன் காதுக்குப் போனா அதோட போச்சு. நூரிஸுக்கும் தெரியக் கூடாது. முக்கியமா அவனுக்குத் தெரியக் கூடாது."

"அவன் கையில நல்ல பந்து இருந்துதா, இல்லையா?"

"இருந்துச்சுடி. நல்ல பந்துதான். வேலி போட்டது மட்டும்தான் நான்."

ஜப்பான்காரர் விமானம் ஏறுவதற்கு முன் கையெழுத்து வாங்கிவிட்டார். நூரிஸ் அழுத அழுகையில் தெருவே கூடியது. அதே தெருவில் பையன்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் குச்சியோடு, "மெதுவா! வேகம்! மெதுவா!" என்று சுவரில் முட்டி விளையாடினார்கள். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை, 'கொத்தோராவுக்கு இலவசம்' என்று பலகை வைத்தது. வர்ணனைக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்த தலைநகர்ச் சானல் பிறகு கூப்பிடவே இல்லை. எலிஹியோ மட்டும் எனக்கு ஒரு தக்காளியைச் சும்மா போட்டு, "பாவம் அக்கா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றான். விலை ஏறியபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

கெனியா கடையில் இன்னும் மோசம். "அக்கா, எக்ஸ்ரே மிஷின்ல பல்பு போயிருச்சா?" என்று கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாயை மூடிக்கொண்டு சுருள் மாட்டிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷமாக இந்த மனுஷனை வாயை மூடு, வாயை மூடு என்று கெஞ்சினேன். மூடினார். கூடவே என் வாயையும் மூடிவிட்டார்.

அதோடு முடிந்ததா? எஸ்மெர்லினிடம் இருந்த குறை அப்படியே இருந்தது. இங்கே இவர் கண்டுபிடித்ததை ஜப்பானில் எவனாவது கண்டுபிடித்தால் ஒரே மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும். இவர் சொன்னால், அன்றைக்கு எல்லாம் தெரிந்துகொண்டே தப்பாகச் சொன்னார் என்று அவன் கண்டுபிடித்துவிடுவான்.

"நீ சொல்லு" என்றார்.

"எனக்கு என்னய்யா தெரியும் பேஸ்பாலப் பத்தி?"

அடுப்படியில் என்னை நிற்க வைத்து, அடுப்புக் கையுறையை என் கையில் மாட்டிச் சொல்லிக் கொடுத்தார். மெதுவான பந்துக்கு விரலை மாற்றிப் பிடிக்கும்போது அவன் கையுறை கொஞ்சம் விரிகிறதாம். நான் இரண்டு தடவை மாற்றிச் சொன்னேன். "அய்யோ, வேகத்துக்கு இல்லடி, மெதுவானதுக்கு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

எஸ்மெர்லின் புறப்படும் முன்னால் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். பெரிய குண்டானில் சான்கோச்சோ, கறியும் கிழங்குமாகக் கொதிக்கிற குழம்பு. சம்பந்தி வீட்டார், உலிசெஸ், அக்கம்பக்கம் எல்லோரும் இருந்தார்கள். கொல்லைப்புறத்தில் எஸ்மெர்லினைத் தனியாகப் பிடித்தேன்.

"தம்பி, டிவியில பாத்தேன். மெதுவா எறியப் போறப்ப ஒன் கையுறை மீனு வாயத் தெறக்கிற மாதிரி விரியுது. மூடிக்கோ."

அவன் உள்ளே ஓடிப்போய்க் கையுறையை எடுத்து, நிலைக்கண்ணாடி முன்னால் நின்று விரலை மாற்றி மாற்றிப் பார்த்தான். திரும்பி வந்து என்னை அப்படியே தூக்கிச் சுற்றினான். தோள் அறுவை செய்தவன் என்று நான் கத்தினேன்.

இரகசியமாக வைத்துக்கொள்வான் என்று நினைத்தது என் மடத்தனம். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னான். அதிர்ந்து பேசாதவன் அன்றைக்கு அதிர்ந்து பேசினான்.

"எங்க அத்தைக்கு ஒரு கைதட்டு குடுங்க! எந்தப் பயிற்சியாளரும் கண்டுபிடிக்காதத அவங்க கண்டுபிடிச்சாங்க. ஜப்பான்ல நான் பொழைச்சேன்னா அவங்களாலதான்." பிறகு திரும்பி, சிரித்துக்கொண்டே, அன்பாகத்தான் கேட்டான். "மாமா, அத்தன வருஷம் குந்தி ஒக்காந்து என்னதான் பாத்தீங்க? அன்னைக்கு நீங்க சொன்னது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு எறிஞ்சிருந்தா நான் துணி ஃபேக்டரிக்குத்தான் போயிருக்கணும்."

மேசையே வெடித்துச் சிரித்தது. நூரிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உலிசெஸ் மேசையைத் தட்டினார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது இவர்தான்.

"அவ கண்ணு எனக்கு இல்லடா மகனே" என்றார். "நீ நல்லவன்னு மொதல்ல கண்டுபிடிச்சவளும் அவதான்."

நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும், அந்தச் சிரிப்பெல்லாம் நிற்கும். இவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. இந்த மனுஷனுக்குக் கெஞ்சத் தெரியும் என்றே எனக்கு அன்றுதான் தெரியும்.

"வாயத் தொடைய்யா" என்றேன். "கொழம்பு ஒழுகுது, அறிவு இருக்கா? எத்தன தடவ சொல்றது?"

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். அவர் கீழ்ப்படிந்து வாயைத் துடைத்துக்கொண்டார். நான் இருந்ததிலேயே பெரிய கறித்துண்டாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் போட்டேன்.